அனலா, சோலாரா: வட ஆற்காட்டுப் பிள்ளைகளுக்கு எதில் வேலை?

பழைய வட ஆற்காட்டை எடுத்துக்கொண்டால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை நான்கு மாவட்டங்களும் அதில் அடங்கும். இந்த நான்கிலும் பெரிய அனல்மின் நிலையம் ஒன்றுகூடக் கிடையாது. சாத்தனூர் அணையடியில் 7.5 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்று இருக்கிறது. மற்றபடி நமக்குக் கரண்ட் என்பது வெளியூர்ச் சரக்கு. அத்திப்பட்டு, நெய்வேலி, கல்பாக்கம், ஏன் வட மாநிலங்களிலிருந்தும்கூடக் கம்பி வழியாக வருகிறது. திருவலத்தில் இருக்கும் 765 கிலோவோல்ட் துணைமின் நிலையமே அதற்குச் சாட்சி.

இருந்தாலும் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது: மின்சாரத் துறையில் போவதென்றால் சோலார் பக்கம் போகலாமா, பாய்லர், டர்பைன் என்று பழைய பக்கமே போகலாமா? சோலார் கம்பெனிக்காரர், "ஒரு மெகாவாட்டுக்கு எங்களிடம்தான் வேலை அதிகம்" என்பார். ராணிப்பேட்டை சிப்காட்டில் முப்பது வருடம் வெல்டிங் மெஷினோடு இருந்தவர், "நிலக்கரியை நம்பித்தான் லட்சக்கணக்கான குடும்பம் சாப்பிடுகிறது" என்பார். இருவர் சொல்வதும் நிஜம். ஆனால் மொத்தம் எத்தனை வேலை என்ற கணக்கு டெல்லியில் உட்கார்ந்து திட்டம் போடுபவருக்குத்தான் பயன்படும். காட்பாடியிலோ ஆற்காட்டிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு வேண்டியது வேறு இரண்டு கணக்கு. அந்த வேலை எந்த ஊரில் விழுகிறது? எத்தனை வருடம் நிற்கிறது?

முதலில் சோலார்காரரின் எண்ணைப் பார்ப்போம். டெல்லியைச் சேர்ந்த சி.இ.இ.டபிள்யூ. ஆய்வு நிறுவனமும் என்.ஆர்.டி.சி. என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் 2017இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டன. இந்தியாவில் ஒரு மெகாவாட் அளவுக்கு மாடியில் சோலார் அமைத்தால் 24.72 ஆள்-ஆண்டு வேலை கிடைக்கும். அதே ஒரு மெகாவாட்டைப் பெரிய மைதானத்தில் தரையில் அமைத்தால் 3.45தான். காற்றாலை என்றால் 1.27. மேடைகளில் எடுத்துச் சொல்லப்படுவது பெரும்பாலும் முதல் எண்தான், மற்ற இரண்டையும் யாரும் பேசுவதில்லை.

இதில் ஆள்-ஆண்டு என்ற அளவைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒருவர் ஒரு வருடம் முழுவதும் செய்யும் வேலை ஒரு ஆள்-ஆண்டு. பன்னிரண்டு பேர் ஒரு மாதம் செய்துவிட்டுக் கிளம்பினாலும் அதுவும் ஒரு ஆள்-ஆண்டுதான். தாளில் இரண்டும் ஒன்று, வீட்டுக்காரருக்கு ஒன்றல்ல. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. ஏறக்குறைய 2,500 ஏக்கர். கட்டும்போது 8,500 பேர் வேலை செய்ததாக அந்த நிறுவனமே சொன்னது. சில மாதங்களில் கட்டி முடித்தார்கள், அதோடு அத்தனை பேருக்கும் வேலை முடிந்தது. சரி, பேனல் துடைக்கவாவது ஆள் வேண்டாமா என்றால், அங்கே துடைப்பது ரோபோ. அதுவும் தனக்கு வேண்டிய கரண்டைத் தன் மேலிருக்கும் பேனலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. காவலுக்கும் இன்வெர்ட்டர் பார்க்கவும் சிறு குழு போதும். அதனால் "நம்ம ஊர்ப் புறம்போக்கில் சோலார் பார்க் வந்தால் ஆயிரம் பேருக்கு வேலை" என்று யாராவது சொன்னால், எத்தனை மாதத்துக்கு என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொரு சிக்கல். மெகாவாட்டை மெகாவாட்டோடு ஒப்பிடுவதே முழுக்கச் சரியில்லை. வட சென்னை அனல்மின் நிலையத்தின் மூன்றாம் கட்டத்தில் 800 மெகாவாட் அலகு ஒன்று 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. அது எழுபது சதவீதத் திறனில் ஓடினால் வருடத்துக்கு 490 கோடி யூனிட் தரும். சூரியன் பகலில்தான் இருக்கும், மேகமும் வரும். தமிழ்நாட்டில் ஒரு மெகாவாட் சோலார் வருடத்துக்கு ஏறக்குறைய 15 லட்சம் யூனிட் கொடுக்கும். ஆக அந்த 800 மெகாவாட் அனலின் இடத்தில் சோலாரை வைக்க 3,200 மெகாவாட்டுக்கு மேல் வேண்டும். இந்தக் கணக்கு வேலைவாய்ப்பில் சோலாருக்குச் சாதகமாகவே போகிறது, ஏனென்றால் நான்கு மடங்கு மாட்ட வேண்டும், நான்கு மடங்கு ஆள் வேண்டும். மின்கட்டணம் கட்டுகிறவர் பக்கம் நின்று பார்த்தால் அது செலவு. ஒருவருடைய சம்பளம் இன்னொருவருடைய பில் என்பதை வேலைவாய்ப்புக் கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

இனி அனல் பக்கம். நிலக்கரி மின்சாரத்தில் அதிகம் பேருக்கு வேலை கொடுப்பது சுரங்கமும் போக்குவரத்தும்தான், மின் நிலையம் அதற்கு அடுத்துத்தான். கோல் இந்தியா நிறுவனத்தில் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் நிரந்தரப் பணியாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டு மின் வாரிய நிலையங்களுக்கு நிலக்கரி வருவது ஒடிசாவின் தால்ச்சேர் பக்கமிருந்து, ரயிலில் பாராதீப் துறைமுகம் வந்து, அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும். இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறது. அந்தச் சுரங்க வேலையில் குடியாத்தத்துக்காரருக்கு என்ன பங்கு? தமிழ்நாட்டிலேயே தோண்டுவது என்றால் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி ஒன்றுதான். அங்கேயும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரம் கேட்டுப் பல வருடங்களாகப் போராடுகிறார்கள். நிலம் கொடுத்த குடும்பங்களே காத்திருக்கும் இடத்தில் வெளி மாவட்டத்துப் பையனுக்கு வாசல் எவ்வளவு திறக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நிலையத்துக்குள் இருக்கும் வேலைகளும் மாறிவிட்டன. 210 மெகாவாட் அலகுகள் ஓடிய காலத்தில் கரி கையாளும் பிரிவு, சாம்பல் பிரிவு, தண்ணீர் சுத்திகரிக்கும் பிரிவு, பாய்லர், டர்பைன் என்று ஒவ்வொன்றிலும் மூன்று ஷிஃப்டுக்கு ஆள் நின்றார்கள். 800 மெகாவாட் அலகுக்கு அதைப் போல நான்கு மடங்கு ஆள் வைப்பதில்லை, கன்ட்ரோல் ரூமில் ஒரே குழுதான். பழையவை மூடப்படுகின்றன. எண்ணூரின் 450 மெகாவாட் நிலையம் 2017இல் நின்றது, நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்தின் 600 மெகாவாட் 2020இல் நின்றது. நிரந்தரப் பணியாளர் என்றால் நிர்வாகம் வேறு பிரிவுக்கு மாற்றும். காண்ட்ராக்டில் இருப்பவருக்கு அப்படி ஒரு உத்தரவாதம் இல்லை.

கட்டுமான வேலையோ இன்னும் வேறு. எண்ணூரில் கட்டப்பட்டுவரும் அனல்மின் நிலையத்தில் 2025 செப்டம்பர் 30 அன்று சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். எல்லோரும் வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்கள். தமிழ்நாட்டு நிலையம், தமிழ்நாட்டுப் பணம், ஆனால் அந்த உயரத்தில் நின்ற கூலி ஆள் நம் ஊர்க்காரர் இல்லை. அனலுக்கும் இது பொருந்தும், சோலார் பார்க்குக்கும் பொருந்தும். பெரிய கட்டுமானம் எதுவானாலும் உள்ளூருக்கு வேலை என்ற வாக்குறுதியில் பாதியைக் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ராணிப்பேட்டை எனும் விதிவிலக்கு

மின் நிலையம் இல்லாவிட்டாலும் மின் நிலையத்துக்கான சாமான் செய்யும் ஊர் நம்மிடம் இருக்கிறது. மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனமான பெல் (பி.எச்.இ.எல்.) திருச்சியில் பாய்லர் செய்கிறது என்றால் ராணிப்பேட்டை பெல் அதன் துணைக் கருவிகளைச் செய்கிறது. 1980களின் தொடக்கத்தில் வந்த ஆலை. புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் ஈ.எஸ்.பி., ராட்சத ஃபேன்கள், பாய்லருக்குப் போகும் காற்றைச் சூடாக்கும் ஏர் ப்ரீஹீட்டர் இவையெல்லாம் இங்கிருந்து லாரியில் ஏறி நாடு முழுவதும் போகின்றன. அதைச் சுற்றி சிப்காட்டில் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வளர்ந்தன. தகடு வெட்டுவது, வளைப்பது, வெல்டு வைப்பது, பெயின்ட் அடிப்பது எனப் பெல் கொடுக்கும் ஜாப் ஆர்டரில் ஓடியவை அவை. வட ஆற்காட்டில் அனல் மின்சாரத்தால் வந்த வேலை எது என்றால் இதுதான். இதில் உள்ளூர் ஆள் உண்டு, கைத்திறன் உண்டு, ஒரு தலைமுறை வீடு கட்டியதும் பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் இதில்தான்.

ஆனால் இந்த வேலை அரசின் ஒரு கையெழுத்தில் ஏறும், இன்னொரு கையெழுத்தில் இறங்கும். எஃப்.ஜி.டி. கதையைப் பாருங்கள். அனல்மின் நிலையப் புகையில் வரும் கந்தக டையாக்சைடை நீக்கும் அமைப்பு அது. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் புதிய மாசு வரம்புகளைக் கொண்டுவந்தது. நாட்டின் அனல்மின் நிலையங்கள் எல்லாம் எஃப்.ஜி.டி. வைத்தாக வேண்டும் என்ற நிலை. முதலில் இரண்டு வருடக் கெடு, அப்புறம் நீட்டிப்பு, அப்புறம் இன்னொரு நீட்டிப்பு. ராணிப்பேட்டை ஆலையும் இந்த வேலையில் இறங்கியது. கடைசியில் 2025 ஜூலையில் வந்த அறிவிப்பு பெரும்பாலான நிலையங்களுக்கு எஃப்.ஜி.டி. தேவையே இல்லை என்று விலக்குக் கொடுத்துவிட்டது. பத்து வருடமாக வரப்போகிறது என்று காத்திருந்த ஒரு பெரிய வேலை அப்படியே சுருங்கியது. காற்று சுத்தமாவதும் பட்டறையில் ஆர்டர் வருவதும் ஒரே உத்தரவில் கட்டப்பட்டிருந்தன. சுற்றுச்சூழலுக்கும் வேலைக்கும் சண்டை என்று பேசுகிறவர்கள் இந்த உதாரணத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம். இங்கே இரண்டும் ஒரே பக்கம் நின்று இரண்டும் தோற்றன.

அதற்காக அந்தத் தொழில் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2031-32க்குள் கூடுதலாகக் குறைந்தது 80,000 மெகாவாட் நிலக்கரி மின்திறன் வேண்டும் என்பது மத்திய அரசின் திட்டம். சில வருடங்கள் வறண்டிருந்த அனல் ஆர்டர்கள் 2023க்குப் பிறகு பெல்லுக்கு மறுபடி வரத் தொடங்கின. ஒவ்வொரு புதிய பாய்லருக்கும் ஃபேன் வேண்டும், ஈ.எஸ்.பி. வேண்டும். அதனால் வெல்டர், ஃபிட்டர் வேலைக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருடம் தேவை இருக்கும் என்றே நினைக்கிறேன். இருபது வயதுப் பையனுக்கு முப்பத்தைந்து வயது வரை. அதற்கு மேல் அந்தக் கைத்திறனை எங்கே கொண்டுபோவது என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உயர் அழுத்தக் குழாயில் வெல்டு வைத்துத் தேர்வு பாஸ் செய்தவருக்குச் சுத்திகரிப்பு ஆலை, ரசாயன ஆலை, கப்பல் கட்டும் தளம், வளைகுடா நாடுகள் என்று வழி உண்டு. தகடு ஒட்டுவது மட்டும் தெரிந்தவருக்கு அந்த வழிகள் குறைவு. ஆக இந்தப் பக்கம் போகிறவர் படிக்க வேண்டியது வெல்டிங் என்ற பொதுப்பெயரை அல்ல, டிக் வெல்டிங், பைப் வெல்டிங், அதற்கான சான்றிதழ்.

பெல்லில் அப்ரண்டிஸ் கிடைத்தால் விட வேண்டாம். அது முடிந்ததும் அங்கேயே வேலை என்று மட்டும் நம்பிவிடக் கூடாது. அங்கே ஒரு வருடம் கற்றது வேறு எங்கும் சுலபத்தில் கிடைக்காது என்பதுதான் அதன் மதிப்பு.

வேலூர் மாடிகளில் என்ன இருக்கிறது

மாடி சோலாருக்குச் சொல்லும் 24.72 என்ற எண்ணை நம் ஊருக்கு இறக்கிப் பார்க்கலாம். ஒரு வீட்டுக்கு 3 கிலோவாட் என்று வைத்தால் ஒரு மெகாவாட்டுக்கு 333 வீடு. வருடத்துக்கு 300 வேலை நாள் என்றால் ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 22 ஆள்-நாள் வருகிறது. விற்பவர், மாடியை அளந்து டிசைன் போடுபவர், கரண்ட் ஆபீசுக்கு அலைபவர், ஸ்டாண்டு வெல்டு செய்பவர், பேனல் ஏற்றுபவர், வயரிங் செய்பவர் என எல்லோரையும் சேர்த்து. இது 2017இன் கணக்கு. அன்று ஒரு பேனல் 325 வாட் இருக்கும், 3 கிலோவாட்டுக்கு ஒன்பது பத்து பேனல் தூக்க வேண்டும். இன்று 540, 550 வாட் பேனல் வந்துவிட்டது, ஆறு போதும். வேலையும் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது. இன்றைக்கு 15 ஆள்-நாள் என்று வைத்துக்கொள்வது நியாயமாகத் தெரிகிறது.

அடுத்த ஐந்து வருடத்தில் நான்கு மாவட்டத்திலும் சேர்த்து 50,000 வீட்டு மாடிகளில் சோலார் ஏறுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 15 ஆள்-நாள் கணக்கில் 7.5 லட்சம் ஆள்-நாள். ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் 500 பேருக்கு முழுநேர வேலை. குறைவில்லை, ஆனால் பெரிய எண்ணும் இல்லை. பனப்பாக்கம் சிப்காட்டில் 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டிய டாடா கார் ஆலை ஒன்றுக்கே 5,000 வேலை என்று அறிவித்தார்கள். மின் உற்பத்தி எந்த வகையானாலும் அதுவே பெரிய வேலைவாய்ப்பாகாது. கரண்ட் தடையில்லாமல் வந்தால்தான் ஆம்பூர் ஷூ கம்பெனியிலும் வாணியம்பாடி தோல் பட்டறையிலும் வேலை ஓடும். 2012 வாக்கில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தபோது ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி ஊற்றியே பல சிறு தொழில்கள் நொந்துபோனதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இந்த 500 வேலைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. இது வெளியூர் போகாது. சத்துவாச்சாரி மாடியில் பேனல் ஏற்ற ஒடிசாவிலிருந்து ஆள் கொண்டுவரத் தேவையில்லை, உள்ளூர் எலக்ட்ரீஷியன் போதும். கூடவே இந்த வேலை முதலாளியாகும் வழியையும் திறந்து வைத்திருக்கிறது. பாய்லர் கம்பெனி யாரும் தொடங்க முடியாது. வயர்மேன் லைசென்ஸ் உள்ள ஒருவர், வேனும் இரண்டு ஆளும் வைத்துக்கொண்டு சோலார் சப்-காண்ட்ராக்ட் எடுக்கலாம்.

தேவை உண்மையில் இருக்கிறதா? 2024 பிப்ரவரியில் பிரதமர் சூர்யகர் திட்டம் வந்தது. ஒரு கோடி வீடு, 75,021 கோடி ரூபாய். கிலோவாட்டுக்கு 30,000 வீதம் 2 கிலோவாட் வரை, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 மானியம். திட்டத்தால் 17 லட்சம் பேருக்கு வேலை என்று அரசு சொன்னது. தமிழ்நாட்டில் ஒரு தனிச் சிக்கல், இங்கே 2016 முதல் எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேலும் முதல் படிகளில் கட்டணம் குறைவு. இருநூறு யூனிட் ஓடும் வீட்டில் போய் லட்ச ரூபாய்க்கு மேல் போட்டு மாடியில் பேனல் வையுங்கள் என்றால், "எதுக்குப்பா?" என்றுதான் கேட்பார்கள். வாடிக்கையாளர் என்றால் ஏசி ஓடும் வீடு, கிளினிக், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம். காந்தி நகர், காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் அப்படி வீடுகள் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிய லாட்ஜ்களில் கரண்ட் பில் எகிறும், ஆனால் அந்த மாடிகளில் தண்ணீர் டேங்கும் துணிக்கொடியும் போக மீதி இடத்தில் பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழும்.

நம் வெயில் சோலாருக்கு வரம் என்று நினைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. அதன் திறனைக் குறிப்பது 25 டிகிரி வெப்பத்தில். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். மே மாதம் வேலூரில் 42, 43 டிகிரி அடிக்கும்போது பேனல் 65 டிகிரிக்குப் போகும், 12 முதல் 16 சதவீதம் போச்சு. அந்த வெயிலில் அந்த மாடியில் இரும்பு ஸ்டாண்டைத் தொட்டு வேலை செய்கிற ஆளைப் பற்றி எந்த வேலைவாய்ப்பு அறிக்கையும் எழுதுவதில்லை. காலை ஆறு மணிக்கு ஏறி பதினொன்றுக்கு இறங்கி, மறுபடி நாலு மணிக்கு ஏறுவதுதான் வழி. ஆபத்தும் உண்டு. வீட்டு வயரிங்கில் மெயினை ஆஃப் செய்தால் கரண்ட் நிற்கும், பேனலுக்கு ஆஃப் கிடையாது. சூரியன் இருக்கும்வரை தொடராக இணைத்த பேனல்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் டி.சி. (நேர்மின்சாரம்) இருந்துகொண்டே இருக்கும். வீட்டு வயரிங் தெரியும் என்ற தைரியத்தில் இதில் கைவைக்கக் கூடாது.

வீட்டு மாடியைத் தவிர இன்னொரு சந்தை வயல் பக்கம். வேளாண் பொறியியல் துறை சோலார் பம்புக்கு 60 சதவீத மானியம் கொடுக்கிறது, ஆதிதிராவிட, பழங்குடிச் சிறு குறு விவசாயிகளுக்கு 70. இலவச விவசாய மின்சாரம் இருக்கும் மாநிலத்தில் இதை யார் வாங்குவார் என்று தோன்றலாம். இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர் வாங்குவார். பாலாற்றுப் பக்கம் போர் ஆழமாகப் போய்க்கொண்டிருப்பதால் பம்ப் பழுதும் அதிகம். அணைக்கட்டு, பேரணாம்பட்டு, போளூர் கிராமங்களில் மோட்டார் காயில் கட்டத் தெரிந்தவர் சோலார் பம்ப் கன்ட்ரோலரையும் கற்றுக்கொண்டால் அவருக்கு வேலை நிற்காது. மாடி சோலாரை விட இதில் பராமரிப்பு வேலை அதிகம் என்பது என் எண்ணம்.

கம்பமும் கம்பியும்

அனலா, சோலாரா என்று விவாதம் செய்யும்போது எல்லோரும் விட்டுவிடும் மூன்றாவது ஒன்று உண்டு. இரண்டு கரண்டும் கடைசியில் ஒரே கம்பியில்தான் வருகின்றன. தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அது ஏறும்போது கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், துணைமின் நிலையம் எல்லாம் ஏற வேண்டும். மாடியில் சோலார் வைத்தால் மீட்டரை மாற்ற வேண்டும், வீட்டிலிருந்து கம்பிக்குத் திரும்பிப் போகும் கரண்டுக்குத் தகுந்தபடி வழித்தடத்தைப் பலப்படுத்த வேண்டும். 2024இல் மின் வாரியத்தை உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தி என்று பிரித்தார்கள். பகிர்மானக் கழகத்துக்கு 1,794 கள உதவியாளர்களை எடுக்க 2025இல் டி.என்.பி.எஸ்.சி. மூலம் அறிவிப்பு வந்தது. ஐ.டி.ஐ. தகுதி, சம்பள விகிதம் 18,800 முதல் 59,900 வரை. நிரந்தர வேலை, எந்த மாவட்டத்திலும் இருக்கும் வேலை, எரிபொருள் எது மாறினாலும் மாறாத வேலை.

கம்பத்தில் ஏறுகிறவர் உயிருக்கு ஆபத்து உண்டு, ஒவ்வொரு வருடமும் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் இருக்கிறார்கள். போட்டியோ கடுமை. 2021இல் கம்பம் நடும் வேலைக்கு மின் வாரியம் எடுத்த கேங்மேன்களே இன்னும் பதவி மாற்றம் கேட்டுக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் எலக்ட்ரீஷியன் படித்த வட ஆற்காட்டுப் பையனுக்கு முதல் இடத்தை நான் இதற்குத்தான் கொடுப்பேன். பரீட்சை எழுதிக்கொண்டே இரண்டு மூன்று வருடம் சோலார் வேலை செய்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. கையில் காசும் வரும், லைசென்ஸுக்கு வேண்டிய அனுபவமும் சேரும். வேலையே செய்யாமல் கோச்சிங் சென்டரில் மட்டும் உட்காருவதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு முழுவதும் மாறும். மாடி சோலார் துறையில் இந்திய அளவில் பெண்கள் 11 சதவீதம்தான் என்று 2019 வாக்கில் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அவர்களிலும் மாடி ஏறுகிறவர் அரிது. அனல் நிலையத்திலும் ஃபேப்ரிகேஷன் பட்டறையிலும் இதைவிட மோசம். அவர்களுக்கு வேலை இருப்பது பேனல் செய்யும் ஆலையில். திருநெல்வேலி கங்கைகொண்டானில் உள்ள டாடா சோலார் ஆலையில் பெரும்பாலோர் பெண்கள். நமக்கு அருகில் இருப்பது ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய பிள்ளைப்பாக்கம். அங்கே ஃபர்ஸ்ட் சோலார் ஆலை 2024 ஜனவரியில் திறந்தது, வருடத்துக்கு 3.3 ஜிகாவாட் பேனல், ஏறக்குறைய 1,000 வேலை. அரக்கோணம், காவேரிப்பாக்கம் பக்கமிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு ஏற்கெனவே கம்பெனி பஸ் ஓடுகிறது. டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படித்த பெண்ணுக்கு மின்சாரத் துறை என்றால் இன்றைக்கு நடைமுறையில் இதுதான். ஷூ கம்பெனி வேலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பஸ் நேரம், ஷிஃப்ட், சம்பளம் மூன்றையும் எடைபோட்டு முடிவெடுக்கலாம்.

பி.இ. இ.இ.இ. முடித்தவர்களுக்கு என்னிடம் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் எங்கும் போவார்கள். ஒன்று மட்டும்: டிசைன் சாஃப்ட்வேரில் மாடி வரைவதை விட கிரிட், பாதுகாப்பு ரிலே, பேட்டரி சேமிப்பு பக்கம் போவது நல்லது. பகலில் மிஞ்சும் கரண்டை ராத்திரிக்கு வைத்துக்கொள்வதில்தான் அடுத்த பத்து வருடப் பணம் போகப்போகிறது.

சோலார் வேலையில் சேர முடிவெடுத்தவருக்கு மூன்று மாத, 600 மணி நேர சூர்யமித்ரா பயிற்சி இருக்கிறது. மத்திய அரசு 2015 முதல் நடத்துவது, கட்டணம் இல்லை. அதே பாடத்துக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் கேட்கும் தனியார் மையங்களும் இருக்கின்றன, கொடுக்க வேண்டியதில்லை. பயிற்சி முடித்து ஒரு சின்னக் கம்பெனியில் சேரும்போது நான்கு விஷயம் கேளுங்கள். இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடிக்கிறார்களா? மாடி ஓரத்தில் நிற்க சேஃப்டி பெல்ட் கொடுக்கிறார்களா? சம்பளம் மாதத்துக்கா, ஏற்றிய கிலோவாட்டுக்கா? மானியப் பணம் வர தாமதமானால் உங்கள் சம்பளமும் தாமதமாகுமா? கடைசிக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லாமல் நழுவுகிற முதலாளியிடம் முதல் மாதச் சம்பளத்தைக் கையில் வாங்கிய பிறகே இரண்டாவது மாதம் மாடி ஏறுங்கள்.